மோட்டர் கழுத்தில் ஒன்பது வருஷச் சந்தனம்

இன்று காலை மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது கை அப்படியே நின்றுவிட்டது. அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகைகிறது, நான் புளித்தண்ணீரை மோந்துகொண்டு நிற்கிறேன். உங்களுக்குப் புளி என்றால் குழம்பு ஞாபகம் வரும், ரசம் ஞாபகம் வரும். எனக்குப் பெட்ரோல் டேங்கி ஞாபகம் வருகிறது. ஒன்றரைக் கிலோ புளியைச் சுடுதண்ணீரில் கரைத்து, ஒரு மோட்டர் சைக்கிளின் டேங்கிக்குள் ஊற்றி, வாயை மூடி ஒரு வாரம் வைத்திருந்தேன். கவிழ்த்தபோது காப்பிக் கலரில் கெட்டியாக ஒரு தண்ணீர் வந்தது பாருங்கள், புளியும் இரும்பும் கலந்த அந்த வாடையை இன்றைக்கும் என் மூக்கு மறக்கவில்லை. பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறவளுக்கு டேங்கியின் துருவுக்கு வேறு என்ன மருந்து தோன்றும்? சும்மா சொல்லவில்லை, உள்ளே வெள்ளித் தட்டு மாதிரி ஆகிவிட்டது. மோட்டர் சாமான் கடை வைத்திருக்கிற சீன முதலாளி, தவுக்கே, டார்ச் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, என்ன மருந்து போட்டாய் என்று கேட்டார். அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

அந்த மோட்டர் ஜப்பான்காரன் செய்த சின்ன வண்டி. பினாங்கில் ஆயர் ஈத்தாம் பசாருக்குப் பின்னால் மேடேறிப் போகிற பாதையில் என் வீடு. மலையிலிருந்து இறங்குகிற ஈரமெல்லாம் என் வீட்டுப் பின்கட்டில்தான் வந்து தங்கும். அங்கே முப்பது வருஷத்துக்கு மேல் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. பழைய இரும்பு வாங்குகிறவன் லாரியில் ஒலிபெருக்கி வைத்துக் கூவிக்கொண்டு வருவான். ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்பான். அது ஓடுகிற வண்டி, விற்க முடியாது என்று சொல்லி அனுப்புவேன். இரண்டு டயரும் மண்ணோடு ஒட்டிப் போயிருக்கும். அவன் டயரைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான், லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவான்.

உண்மையில் அது என் வண்டியும் இல்லை. பாதி என்னுடையது, பாதி மைமூனுடையது. மைமூன் என் கூட்டாளி. அவள் அத்தா, அதாவது அப்பா, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருந்தார். எங்கள் இருவருக்கும் இருபது வயது இருக்கும்போது பாயான் லெப்பாஸில் ஒரு மின்சாமான் தொழிற்சாலையில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். தொழிற்சாலை பஸ் ஊரெல்லாம் சுற்றிப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் ரோட்டோரம் நிற்க வேண்டும். எனக்கு நிற்பது பிடிக்காது, மைமூனுக்கு அந்த பஸ்ஸின் ஆட்டம் வயிற்றைப் புரட்டும். இருவரும் சேர்ந்து மோட்டர் வாங்கிவிட்டோம். கல்யாணம் ஆகாத இரண்டு பெண்கள் மோட்டரில் போனால் அப்போது ஊர் என்ன பேசும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பேசினார்கள். நாங்கள் வேகமாகப் போனதால் காதில் விழவில்லை. அவள் அத்தா மட்டும் ஒன்றே ஒன்று சொன்னார், மழையில் போகக் கூடாதாம். பினாங்கில் மழை பெய்யாத நாளாகப் பார்த்து வேலைக்குப் போனால் வாரத்தில் மூன்று நாள்தான் சம்பளம் வரும்.

வண்டி அவள் பெயரில் பதிவானது. நான் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். கடைக்காரன் நீட்டிய விண்ணப்பப் பாரத்தில் எல்லார் முன்னாலும் கையெழுத்துப் போடக் கூச்சம். ‘நீயே போடு’ என்று மைமூனிடம் தள்ளிவிட்டேன். ஆனால் ஓட்டுவது நான்தான். வண்டியைப் பார்த்துக்கொள்வது அவள். டயருக்குக் காற்று, சங்கிலிக்குக் கிரீஸ், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த எண்ணெய். பெட்ரோல் தனியாக, என்ஜினுக்கு எண்ணெய் தனியாக என்று இரண்டு தீனி தின்கிற வண்டி அது. பின்னால் நீலப் புகை விட்டுக்கொண்டு போகும். எண்ணெய் குறைந்தால் அவளுக்குச் சத்தத்திலேயே தெரியும். பின்னால் உட்கார்ந்தபடி என் தோளைத் தட்டுவாள். ஒன்பது வருஷம் அந்தத் தட்டலில் ஓடிய வண்டி.

அப்புறம் அவளுக்குக் கல்யாணம் ஆகி, கடலுக்கு அந்தப் பக்கம், அக்கரைக்குப் போய்விட்டாள். இப்போது செபராங் ஜெயாவில் மகன் வீட்டில் இருக்கிறாள். எனக்குக் கல்யாணம் அமையவில்லை, அதில் எனக்கொரு குறையும் இல்லை. வண்டி மட்டும் அவள் போன மூன்றாவது மாதமே நடு ரோட்டில் ‘கீச்’ என்று ஒரு சத்தம் போட்டு நின்றது. அதோடு சரி. ஏன் நின்றது என்று மைமூன் கேட்டாள். பழசாகிவிட்டது என்று சொன்னேன். அந்தப் பொய் பிற்பாடு எங்கே போய் மாட்டியது என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் மைமூன் போன் பண்ணினாள். அப்போதெல்லாம் வாரம் ஒரு போன், மீன் விலையில் ஆரம்பித்து முட்டி வலியில் முடியும். அன்றைக்கு நேராக முட்டிக்கு வந்துவிட்டாள். இரண்டு முட்டியையும் மாற்ற வேண்டுமாம், டாக்டர் சொல்லிவிட்டாராம். அதற்குப் பயப்படுகிறவள் இல்லை அவள்.

"அதுக்கப்புறம் மோட்டர்ல ஏறவே கூடாதுன்னு சொல்லிட்டாருடி," என்றாள். "ஒரே ஒரு தடவ நம்ம மோட்டர்ல ஏறிட்டு அறுத்துக்கலாம்னு இருந்தேன். அதுதான் செத்துப்போச்சே."

எனக்கு வாய் சும்மா இருக்காது. வருகிற நோன்புப் பெருநாளைக்கு அந்த மோட்டரிலேயே வந்து உன் வாசலில் நிற்பேன், ஒரு சுற்று சுற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லிவிட்டேன். எட்டு மாதம் இருந்தது. அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, சரி, நீ வருகிற வரைக்கும் முட்டியில் கத்தி வைக்க விடமாட்டேன் என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்றுகூட எனக்குத் தெரியாது. தவுக்கேயின் பட்டறைக்கு அனுப்பியிருக்கலாம்தான். அவரே, "ஆண்டி, இத தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குலா," என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் காரணம். நானே செய்கிறேன், சாமான் மட்டும் கொடுங்கள் என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கழற்ற ஆரம்பித்தேன். கழற்றுவது எவ்வளவு சுலபம் தெரியுமா? சாயங்காலத்துக்குள் பாதி வண்டியைப் பிரித்து, ஆணி, திருகு, வளையம் எல்லாவற்றையும் துணி துவைக்கிற பெரிய பேசினில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒன்றாகப் போட்டுவிட்டேன். இடியாப்ப மாவு பிசைந்து வைத்த திருப்தியோடு தூங்கினேன். காலையில் பேசினுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். எது எங்கே இருந்தது? ஒன்றுபோல நாற்பது திருகு.

ஒரு மாதம் அந்தப் பேசினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு திருகையும் ஒவ்வொரு ஓட்டையில் போட்டுப் பார்த்தேன். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள்தான் தொழிற்சாலை ஞாபகம் வந்தது. அங்கே நாங்கள் மின்சுற்றுச் சட்டத்தில் பொருத்துகிற சாமான் அரிசி அளவுதான் இருக்கும். அதன் உடம்பில் நிறக் கோடு போட்டிருப்பான். காப்பி நிறம் ஒன்று, சிவப்பு இரண்டு, ஆரஞ்சு மூன்று, மஞ்சள் நான்கு, பச்சை ஐந்து. எழுத்துக் கூட்டிப் படிக்கிற நான் அந்தக் கோடுகளை மற்றவர்கள் கண்ணாடி தேடுவதற்குள் படித்துவிடுவேன். மேற்பார்வையாளரே சந்தேகம் வந்தால் என்னிடம் கொண்டுவருவார். பசாருக்குப் போய் பத்து நிறத்தில் கம்பளி நூல் வாங்கிவந்தேன். மிச்சப் பாதி வண்டியைக் கழற்றும்போது முதல் சாமானுக்குக் காப்பி நூல், இரண்டாவதற்குச் சிவப்பு, பன்னிரண்டாவதற்குக் காப்பியும் சிவப்பும். முட்டை அட்டையில் வரிசையாக வைத்தேன். தவுக்கே ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, என்ன ஆண்டி, மோட்டருக்குச் சட்டை பின்னுகிறாயா என்று கேட்டார். கேட்கட்டும். நூல் கட்டிய பிறகு எனக்கு ஒரு திருகுகூடத் தவறவில்லை.

ஆனால் என்ஜின் அசையவில்லை. உள்ளே பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. உதைகட்டையில் ஏறி நின்றாலும் நகராது. இதற்குள் முதல் பெருநாள் போய்விட்டது. மைமூன் போனில், "என்னடி, ஆயர் ஈத்தாம் மேட்டுலயே நிக்கிறியா?" என்று கேட்டாள். நானும் சிரித்துச் சமாளித்தேன். அடுத்த வாரம் அவள் மகன் கூப்பிட்டான். மரியாதையான பையன். உம்மா சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போகிறார்கள், ஆப்பரேஷனுக்கு நாள் கொடுத்ததை இரண்டு முறை தள்ளிவிட்டார்கள், நீங்களாவது சொல்லுங்கள் ஆண்டி என்றான். உடனே அவளைக் கூப்பிட்டுத் திட்டினேன். மோட்டராவது மண்ணாவது, போய்ப் படுடி என்றேன்.

"நீ சொன்ன சொல்ல நீ காப்பாத்து," என்றாள். "என் முட்டிய நான் பாத்துக்கறேன்."

அதைக் கேட்டதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் ஒரு வாய்ப்பேச்சுக்கு அவள் அக்கரையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். நேராகப் பின்கட்டுக்குப் போய்ச் சுத்தியலை எடுத்தேன். பிஸ்டனை இறக்கத்தான் தட்டினேன் என்று சொல்ல ஆசை. உண்மையில் கோபத்தில் போட்டேன் ஒன்று. என்ஜினைச் சுற்றிலும் சூடு ஆறுவதற்காக மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காகத் தகடு இருக்கும். அதில் ஒரு செதில் உடைந்து என் காலடியில் விழுந்தது. முப்பது வருஷ மழை உடைக்காததை நான் ஒரு நொடியில் உடைத்தேன். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். சுத்தியலைக் கொண்டுபோய் எதிர்வீட்டுச் சீனத்தியிடம் கொடுத்து, நான் கேட்டாலும் தராதே என்று சொன்னேன். அவளுக்குக் காரணம் புரியவில்லை. ஆனால் கடைசிவரை தரவில்லை.

பிளக் இருக்கிற ஓட்டை வழியாகத் தினமும் எண்ணெய் விட்டு ஊற வை, மாதம் ஆகலாம், வருஷமும் ஆகலாம் என்று தவுக்கே சொன்னார். மாதம், வருஷம் என்றால் எனக்குப் பிடிபடாது. ஒரு மண்டலம் என்று வைத்துக்கொண்டேன். நாற்பத்தெட்டு நாள். காலையில் குளித்து, சாமி விளக்கேற்றி, அதே கையோடு பின்கட்டுக்குப் போய் ஒரு கரண்டி எண்ணெய். பிறகு உதைகட்டையைக் கையால், காலால் இல்லை, கையால் மெதுவாக ஒரு அழுத்து. அசையாது. சரி என்று வந்துவிடுவேன். இப்படி ஒரு வேலையைச் செய்து பாருங்கள். முதல் பத்து நாள் எரிச்சலாக இருக்கும். அப்புறம் எரிச்சலுக்கும் அலுத்துப்போகும். முப்பதாவது நாளுக்கு மேல் அது அசைகிறதா என்று பார்க்கப் போகவில்லை, பல் துலக்குகிற மாதிரி போனேன். மண்டலம் முடிந்தது. அசையவில்லை. இன்னொரு மண்டலம் ஆரம்பித்தேன். அதில் பதினோராம் நாள் கைக்குக் கீழே வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஒரு விரலளவு இறங்கியது. பயந்து கையை எடுத்துவிட்டேன்.

திறந்து பார்த்த தவுக்கே உள்சுவரைக் காட்டினார். மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல். இந்த என்ஜின் வயதாகிச் சாகவில்லை, எண்ணெய் இல்லாமல் செத்திருக்கிறது, யார் ஓட்டினார்கள் என்று கேட்டார். யாரோ என்றேன்.

யாரோ இல்லை. மைமூன் போன பிறகு மூன்று மாதம் நான் எண்ணெய்த் தொட்டியைத் திறந்தே பார்க்கவில்லை. அது அவள் வேலை. அவள் வந்து பார்க்கட்டுமே என்று ஒரு வீம்பு. அக்கரைக்குப் போனவள் தினமும் எண்ணெய் பார்க்க எப்படி வருவாள்? அந்த வயதில் அப்படி ஒரு கோபம். அன்று சாயங்காலம் போனில் உண்மையைச் சொல்லிவிட்டேன். முப்பது வருஷப் பொய் வாயை விட்டுப் போக நேரமாகிறது, நாலைந்து தடவை இருமினேன். மைமூன் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"தெரியும்டி. கல்யாணத்தன்னிக்கே எங்க வீட்டு ஆளுகிட்டச் சொன்னேன், அவ எண்ணெய் பாக்க மாட்டா, அந்த வண்டிக்கு மூணு மாசம்தான்னு."

அதற்குப் பிறகு பொறுமை எனக்குக் கொஞ்சம் சுலபமாகிவிட்டது. காரணம் கேட்காதீர்கள். உள்சுவரைக் கடைந்தெடுத்து, சியாமிலிருந்து புதுப் பிஸ்டன் வரக் காத்திருந்தபோது இரண்டாவது பெருநாளும் போனது. நூல்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தபடி பூட்டினேன். ஒரு காலை பதினேழாவது உதையில் கிளம்பியது. கிளம்பியது என்றால் என்ன, உள்ளே ஊறின எண்ணெயெல்லாம் எரிந்து எங்கள் சந்தே வெள்ளைப் புகையில் மூழ்கிவிட்டது. கொசு மருந்து அடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள் என்று வரிசையாக ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது. எதிர்வீட்டுச் சீனத்தி காயப்போட்ட கருவாட்டை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். புகை நடுவில் நான் மட்டும் நின்றேன். இருபது வயசு வாடை அது.

இனி என்ன, நேரே அக்கரைதான் என்று நினைத்தேன். பல வருஷம் ரோட்டாக்ஸ் வரி கட்டாத வண்டியைச் சோதனைக்குக் காட்டியாக வேண்டும். லாரியில் ஏற்றிக்கொண்டு போனேன். சோதித்தவர் ஒரு மலாய்க்காரத் தம்பி, என்னை அத்தை முறை வைத்து மாக்சிக் என்று கூப்பிட்டார். விளக்கு, பிரேக், ஹாரன் எல்லாம் பார்த்தார், தலையாட்டினார். பிறகு கைப்பிடிக்குக் கீழே வண்டியின் கழுத்தில் குனிந்து பார்த்தார். இங்கேதான் வண்டியின் நம்பர் அடித்திருப்பான் மாக்சிக், ஆனால் ஏதோ கட்டியாக அப்பியிருக்கிறதே, பழைய கிரீஸா என்று கேட்டார். சுரண்டிவிட்டுக் கொண்டுவாருங்கள், நம்பர் பத்திரத்தோடு ஒத்துப்போனால் முடிந்தது என்றார்.

அது கிரீஸ் இல்லை. அது என்ன என்று எனக்கும் மைமூனுக்கும் மட்டும்தான் தெரியும்.

வாங்கின முதல் வருஷம் ஆயுத பூஜைக்கு வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். நெற்றி என்று நினைத்து முன்விளக்குக் கண்ணாடியில் வைத்துவிட்டேன். விடியாத காலையில் வேலைக்குப் போகும்போது ரோடெல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. மறுநாளே துடைத்துவிட்டு விளக்குக்குப் பின்னால் கழுத்தில் வைத்தேன். நம்ம ரெண்டு பேருக்கும் முன்னாடி வண்டிக்குக் கழுத்தில் தாலி ஏறிவிட்டது என்று மைமூன் சிரித்தாள். அன்றைக்கே மழை பெய்து, சந்தனம் கரைந்து, அதே மழையில் நாங்கள் வழுக்கி விழுந்தோம். எனக்கு மனசு கேட்கவில்லை. அப்போது நான் தொழிற்சாலையில் பூச்சுப் பிரிவில் இருந்தேன். செய்து முடித்த சட்டங்களில் ஈரம் ஏறாமல் கண்ணாடி மாதிரி ஒரு வார்னிஷ் பூசுவோம். கொட்டப் போகிற மிச்சத்தை ஒரு நகப்பூச்சு பாட்டிலில் கொண்டுவந்து, புதுசாகச் சந்தனம் வைத்துக் காயவிட்டு, அதன் மேலே பூசிவிட்டேன். மழையில் கரையாத பொட்டு. ஒவ்வொரு வருஷமும் பழசின் மேலேயே புதுச் சந்தனம், புதுக் குங்குமம், புது வார்னிஷ். அதற்குக் கீழே நம்பர் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

கடைசி வருஷம் ஆயுத பூஜையன்று எனக்கு எழுந்திருக்க முடியாத காய்ச்சல். வண்டி பொட்டில்லாமல் நிற்கிறதே என்று புலம்பிக்கொண்டு கிடந்தேன். மைமூன் என்னைப் பார்க்க வந்தவள் சாமி மாடத்திலிருந்த சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"சந்தனம் எங்க தர்காவுலயும் பூசுறதுதான்," என்றாள் திரும்பி வந்து. "குங்குமத்த மட்டும் நீ எழுந்து வச்சுக்க."

நான் எழுந்து பார்த்தபோது கோணலாக, கட்டைவிரலால் ஒரே அழுத்து அழுத்தியிருந்தாள். ரேகை அப்படியே பதிந்திருந்தது. குங்குமம் வைத்தால் அது அழிந்துவிடும் என்று வைக்காமலே விட்டுவிட்டேன். வார்னிஷ் மட்டும் பூசினேன். அதற்கடுத்த ஆயுத பூஜைக்குள் அவளுக்குக் கல்யாணம் ஆகி, வண்டியும் நின்றுவிட்டது.

ஆகையால் அந்தத் தம்பி சுரண்டு என்றதும் கையில் கத்தி கொடுத்த மாதிரி இருந்தது. சுரண்டினால் மறுநாளே சோதனை முடியும், மைமூன் ஏறலாம், முட்டிக்கு விடிவு வரும். அவளிடமே கேட்டேன். சுரண்டித் தள்ளுடி, சந்தனம்தானே என்றாள். அதில் உன் விரல் இருக்கிறது என்றேன்.

"இன்னுமா இருக்கு?" என்றாள். பிறகு, "எத்தன நாளாகும்?"

இரண்டு வாரம் என்றேன். இரண்டு பெருநாள் பார்த்தாகிவிட்டது, இரண்டு வாரம் என்ன என்றாள்.

தொழிற்சாலையில் பூச்சைப் போடக் கற்ற கை, தவறான பூச்சைக் கிழிக்காமல் எடுக்கவும் கற்றிருந்தது. பூதக்கண்ணாடி, காது குடைகிற பஞ்சு, நாலு சொட்டு தின்னர், ஒரு மெல்லிய பிளேடு. விளிம்பை ஈரமாக்கி, ஊறும்வரை காத்திருந்து, ஒரு நூலளவு தூக்குவேன். அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் அடுத்த நூலளவு. பன்னிரண்டாம் நாள் ஐம்பது காசு அகலத்தில், அப்பளம் மாதிரி, ரேகையோடு முழுசாக என் உள்ளங்கைக்கு வந்தது. மூச்சு விட்டால் பறந்துவிடுமோ என்று மூச்சை அடக்கிக்கொண்டு தைல டப்பாவில் பஞ்சு வைத்து மூடினேன். அதன் கீழே சிவப்பும் மஞ்சளுமாக இன்னும் எட்டு வருஷம். அதையும் எடுத்தபோது அடியில் நம்பர், கடையிலிருந்து அன்றைக்கு வந்த மாதிரி. வண்டி முழுக்கத் துரு தின்றிருக்க, அந்த மூன்று விரல் இடத்தில் மட்டும் ஒரு புள்ளி துரு இல்லை. சோதனைத் தம்பி டார்ச் அடித்துப் பார்த்து, என்ன மாக்சிக், புது நம்பர் அடித்தீர்களா என்று சந்தேகப்பட்டார். பத்திரத்தோடு சரிபார்த்துவிட்டுச் சிரித்தார்.

பெருநாளும் இல்லை, தீபாவளியும் இல்லை, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை அக்கரைக்குப் போகிற பழைய பெரிய பெர்ரிக் கப்பலில் வண்டியோடு ஏறினேன். லைசென்சை நான் ஒரு வருஷம்கூட விட்டதில்லை, இடையில் வேறு மோட்டர்களும் ஓட்டியிருக்கிறேன். செபராங் ஜெயாவில் அவள் வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தேன். மைமூன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வண்டியை ஒரு சுற்று பார்த்தாள், உடைந்த செதிலைத் தொட்டாள்.

"இது நீ கோவத்துல ஒடச்சது."

ஆமாம் என்றேன். காலைத் தூக்கிப் போட முடியவில்லை. மகனும் மருமகளும் தூக்கி ஒருபக்கமாக உட்கார வைத்தார்கள். தொழிற்சாலைக் காலத்தில் ஆம்பிளை மாதிரி இருபக்கமும் கால் போட்டு உட்கார்ந்தவள். தாமான் என்கிற அவர்கள் குடியிருப்பை மூன்று தடவை சுற்றினேன், நடந்து போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போகிற வேகத்தில். மூன்றாவது சுற்றில் என் தோளைத் தட்டினாள். நிறுத்திவிட்டேன். எண்ணெய் பார்த்தேன். அடியில்தான் இருந்தது. அடுத்த மாதம் முட்டி இரண்டையும் மாற்றிக்கொண்டு வந்தாள், இப்போது என்னைவிட வேகமாக நடக்கிறாள்.

குணமானதும் வண்டியை என் பெயருக்கு மாற்றித்தருவேன் என்று பிடிவாதமாக அலுவலகத்துக்கு இழுத்துப் போனாள். கையெழுத்துக் கூச்சம் இனிமேல் இல்லை, விரல் வைத்தால் போதும் என்றார்கள். நான் வைத்தேன், மிஷின் ஏற்றுக்கொண்டது. அவள் வைத்தாள், ஏற்கவில்லை. துடைத்து வைத்தாள், இடதுகை வைத்தாள். ஊஹூம். ரேகையே தெரியவில்லை என்றார் அதிகாரி. தொழிற்சாலை மருந்துத் தண்ணீரில் ஒன்பது வருஷம், அப்புறம் வெங்காயமும் மீனும் பாத்திரமுமாக ஒரு ஆயுசு. தைல டப்பாவில் இருக்கிறதே, கொண்டுவந்து காட்டட்டுமா என்று கேட்டேன். மைமூன் வாய்விட்டுச் சிரித்தாள். வேறு வழி இருக்கிறது, பாரம் நிரப்ப வேண்டும் என்று அதிகாரி சொன்னார். வேண்டாம் என்றேன். இவ்வளவு நாள் அவள் பெயரில் ஓடியது, இனியும் ஓடட்டும்.

அந்தப் பழைய பெர்ரிகள் இப்போது இல்லை. நாங்கள் வேலை செய்த கட்டடத்தை இடித்து வேறு என்னவோ கட்டியிருக்கிறார்கள். நீலப் புகை விடுகிற வண்டியைத் தெருவில் பார்ப்பதே இல்லை, என் வண்டியைத் தவிர. போன ஆயுத பூஜைக்கு மைமூன் வந்திருந்தாள். கழுத்தில் வைக்கக் கூடாது, நம்பர் தெரிய வேண்டும். அதனால் சக்கரத்துக்கு மேலே மட்காப்பில் வைக்கலாம் என்று சந்தனக் கிண்ணத்தை அவளிடமே நீட்டினேன். அன்றைக்குப் போலவே கோணலாக ஒரு அழுத்து அழுத்தினாள். குனிந்து பார்த்தேன். கோடே இல்லை. கரண்டியின் முதுகை வைத்து எடுத்த மாதிரி வழவழவென்று ஒரு குழி.

"வார்னிஷ் பூசலியா?" என்று கேட்டாள்.

பூசவில்லை. சாயங்காலம் மலைப்பக்கமிருந்து மழை வந்தது. இருவரும் வாசலில் நாற்காலி போட்டு, சந்தனம் மட்காப்பிலிருந்து மஞ்சளாக வழிந்து இறங்குவதைக் காப்பி குடித்துக்கொண்டே பார்த்தோம். இன்றைக்கும் அவள்தான் சாப்பிட வருகிறாள். புளி கரைத்தாகிவிட்டது, அடுப்பில் புகைந்த எண்ணெயை மாற்றிவிட்டு வேறு ஊற்ற வேண்டும்.